ஒரே கட்டடம், இரண்டு நோட்டு

மூன்று வாரம் பேதி. தையல் மிஷினில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. ஹோட்டல் சாம்பாரைத் திட்டினேன், குடிதண்ணீரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் வினை என் பைக்குள்ளேயே இருந்த இரண்டு ஆஸ்பத்திரி நோட்டுகளில்.

எனக்கு எச்.ஐ.வி. உண்டு. அதைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை 2011-லிருந்து சாப்பிடுகிறேன். அப்போது காலை, இரவு இரண்டு வேளை; இப்போது டி.எல்.டி., மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை, இரவில் மட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் பிழைப்பு போச்சு. அதனால் எங்கள் ஊர்ப்பக்கம் தாலுகா ஆஸ்பத்திரியில் அதே மாத்திரை கொடுக்கும் லிங்க் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக் கேட்டேன். வைரல் லோட், அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, கட்டுக்குள் இருந்ததால் கடிதம் சீக்கிரமே கிடைத்தது. "சுகர் மாத்திரையும் அங்கேயே வாங்கிக்கலாம், எல்லாம் ஒரே இடம்" என்றார் கவுன்சிலர். ஒரே கட்டடம்தான், அதில் பொய்யில்லை.

முதல் நாள் போனால் மருந்து கொடுப்பவர் பயிற்சிக்குப் போயிருந்தார், பீரோ சாவியும் அவரோடு போயிருந்தது. கையில் நான்கு நாள் மாத்திரைதான் மிச்சம். பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது தடவை ஓ.பி. சீட்டு எழுதுபவர். மெதுவாகச் சொன்னேன். "ஏ.ஆர்.டி.யா? காதுல விழல, சத்தமா சொல்லுங்க" என்றார், அவரே சத்தமாக. எனக்குப் பின்னால் எங்கள் தெரு மாவு மில் அக்கா. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியில் சொல்லக்கூடாது என்று 2017-லேயே சட்டம் போட்டாயிற்று. 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தாயிற்று. அந்த ஜன்னலுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் போய்ச் சொன்னேன். இப்போது எங்களுக்கு ஓ.பி. வரிசை கிடையாது, நேரே அறைக்குப் போகலாம்.

அந்த எரிச்சலோடுதான் சுகர் வரிசையில் போய் நின்றேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். முதுகுக்குப் பின்னால் இருபது பேர். "இல்ல சார்" என்றேன். மெட்ஃபார்மின் காலையில் 1000, இரவில் 1000 என்று எழுதினார். தப்பு என்னுடையதும்தான். ஆனால் எதிர் அறையில் எனக்கு மாதாமாதம் டி.எல்.டி. கொடுப்பவர்களும் சுகர் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பேதி நிற்காமல் போகவே, டி.எல்.டி.தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்தப் பார்த்தேன். நல்லவேளை, அதற்கு முன் கவுன்சிலரிடம் கேட்டேன். "அதை மட்டும் நிறுத்திடாதீங்க அண்ணே. ரெண்டு நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

மெடிக்கல் ஆபீசர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டி.எல்.டி.யில் இருக்கும் டோலுடெக்ராவிர், மெட்ஃபார்மின் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்குமாம். அது உடம்பிலேயே தேங்கும். அதனால் இரண்டும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தமே 1000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நான் 2000 விழுங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடித்த ஆன்டாசிட்டுக்கும் திட்டு விழுந்தது: டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் டி.எல்.டி. ஆறு மணி நேரம் கழித்து.

"உங்க சுகர் டாக்டர்கிட்ட நான் பேசலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவரே எழுந்து எதிர் அறைக்குப் போனார். இருபது அடி இருக்கும். திரும்பி வந்தபோது சுகர் நோட்டில் சிவப்பு மையில் ஒரு வரி: 'மெட்ஃபார்மின் 500, காலை-இரவு. கூட்டக்கூடாது.' எச்.ஐ.வி. என்ற சொல் எங்கேயும் இல்லை. கூடவே வேறொரு சுகர் மாத்திரை. நான்காம் நாள் வயிறு அடங்கிவிட்டது.

போன வாரம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்கா வந்தார். அவர் கையில் இருந்த பட்டியலில் இன்னும் பழைய அளவுதான். சிவப்பு வரியைக் காட்டினேன். பாதி அட்டைகளை எண்ணித் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டே, "ஏண்ணே குறைச்சுட்டாங்க?" என்றார்.

"வயித்துக்கு ஒத்துக்கலம்மா."