கரண்டைக்கால் தண்ணீர்

பறவை பார்க்க வருகிறவர்களைக் கோடியக்கரையிலிருந்து வடுவூர் வரை ஒரே நாளில் கூட்டிப்போவது என் வேலை. 100 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் கடலோரம், உப்பளம், வயல், ஏரி என்று நிலம் மாறிக்கொண்டே வரும். முன்பெல்லாம் வண்டியில் ஏறியதுமே பறவைப் பட்டியலைக் கையில் கொடுப்பேன். இப்போது, "முதலில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்" என்கிறேன்.

அதைக் கற்றுக்கொடுத்தவர் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா. ஒரு ஜனவரிக் காலை, படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று குழுவை வரப்பிலிருந்து இறக்கி, கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவைக் கூட்டத்துக்கு நெருக்கமாக நடத்திப் போனேன். மொத்தமும் எழும்பிவிட்டது. "மேயுற நேரத்துல ஏன் தம்பி கிளப்பி விடுறீங்க? அந்தப் பாத்தியில தண்ணி கரண்டைக்கால்கூட இல்ல, அதுக்காகத்தான் வருது. வரப்புல உக்காருங்க, தானா வரும்" என்றார்.

உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தன. நாற்று நடும் கை போல, அலகுகள் சேற்றில் இறங்கி இறங்கி எழுந்தன. மூன்று விரல் தடங்களில் உடனே நீர் ஊறியது. ஒரு கொசு உள்ளான் 30 கிராம்கூடத் தேறாது. ஆர்க்டிக் பகுதிக்குத் திரும்பிப் போகும் முன் அது உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை நாம் கிளப்பிவிடும்போதும் தின்றதில் கொஞ்சம் வீணாகிறது. அன்று எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. அதற்கப்புறம் வரப்பைவிட்டு யாரையும் இறக்கியதில்லை.

அங்கேயே இன்னும் கொஞ்சம் ஆழத்தில் பூநாரைகள், தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டிக்கொண்டு நிற்கும். கால் நீளமும் அலகு நீளமும் சேர்ந்து யாருக்கு எந்தத் தண்ணீர் என்று தீர்மானித்துவிடுகின்றன.

உதயமார்த்தாண்டபுரம் போகும் வழியில் வயலோரம் நத்தைகுத்தி நாரைகள். தொலைநோக்கியில் அலகைப் பார்க்கச் சொல்வேன். மூடிய அலகிலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைக் கேட்டதும் எல்லோரும் கூட்டத்தில் இளசைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கோடியக்கரை 2002லும், உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் 2022லும் ராம்சர் தலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்ற பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் பலகையைவிட வாய்க்காலில் தண்ணீர் வருவதுதான் எனக்குப் பெரிது. வடுவூர் ஏரியைக் காவிரி வாய்க்காலும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பினால்தான் வாத்துகளும் நாமக்கோழிகளும் தங்கும்.

போன தடவை வந்த ஓர் அம்மா, சாயங்காலம் ஏரிக்கரையில் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டு அடி வத்துனா, உள்ளான்கள் இந்த ஓரத்துக்கு வந்துடும் இல்லையா தம்பி?"

"மார்ச்சில் வாங்கம்மா" என்றேன்.