அப்பாவின் கேசட்டுகள்: 41-இல் 17 முடிந்தது

அப்பா விட்டுச்சென்ற கேசட்டுகள் மொத்தம் 41. அவற்றைக் கணினிக்கு மாற்றத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. பதினேழு முடிந்திருக்கின்றன.

முதல் வாரம் வீண். அவருடைய டெக்கை (கேசட் ஓட்டும் கருவியை) திறந்தால், சக்கரங்களைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தார் போல இளகிச் சக்கரத்தில் அப்பிக் கிடந்தது. சுரண்டியெடுத்துப் புது பெல்ட் மாட்டினேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால், நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தபோது பஞ்சு பழுப்பேறியது. நாடாக்களிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்ஸைடு அது. அவர் கேட்ட பாட்டுகளின் தூள் என்றும் சொல்லலாம். அவசரத்தில் ரப்பர் உருளையைத் துடைக்க மறந்தேன். முதல் கேசட்டின் நாடா சிக்கி அறுந்தது. இதற்கு செலோடேப் உதவாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டை வேண்டும்.

பிறகு, எல்லாமே மூக்கடைத்த குரலில் கேட்டன. ஹெட்டின் ஓரத்துத் திருகைச் சற்றே திருப்பியதும் ஒலி திறந்துகொண்டது. பதிந்தபோது ஹெட் நின்ற கோணத்தில் இப்போதும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டாவது கேசட்டில் மீண்டும் மூக்கடைப்பு. அந்த இடத்தில் அப்பா ரெக்கார்டரை மாற்றியிருக்கிறார் போலும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தரத்தை 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதிகிறேன். சி-90 வகைக் கேசட் என்றால் தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்திப் பார்த்தேன். வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தவை ஆதலால், அவர் நாற்காலிக் கையில் விரலால் போட்ட தாளமும் இரைச்சலோடு மங்கிப்போனது. நீக்கியை விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது கேசட்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அட்டையில் அவர் கையெழுத்தில் 'வயலின். அழிக்கக் கூடாது' என்று இருக்கிறது. கீழே இரட்டைக் கோடு. மேல் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டையும் உடைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது. ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதை ஒட்டினால் மறுபடி பதியலாம். யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்றே எண்ணினேன்.

இருபது நிமிடம் வயலின். திடீரென்று 'டக்'. அமைதி. மிக மெலிதாக, ஆவி பேசுவது போல "பாடு" என்று ஒரு குரல். ஓரிரு நொடி கழித்து அதே "பாடு" தெளிவாக வந்தது. சி-90 நாடா மெல்லியது. சுருளில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றிலும் லேசாக ஏறிவிடும். ஓட்டுவதற்கு முன் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் சுற்றினால் அந்த நிழல் குறையும். இந்த ஒன்றை மட்டும் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து என் தங்கை இரண்டு நிமிடம் எண்களை ராகம் போட்டுப் பாடுகிறாள், ஏழு என்ற எண்ணை விட்டுவிட்டு. பின்னணியில் அதே விரல் தாளம். மறுபடி 'டக்', நடு ஆலாபனையிலிருந்து வயலின். போன இரண்டு நிமிடம் போனதுதான்.

எனக்காக அவர் எதையும் அழித்ததற்கு இதுவரை சாட்சி இல்லை. இன்னும் 24 இருக்கின்றன. பதினெட்டாவதில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் திண்டு கழன்றிருக்கிறது. வெற்றுக் கேசட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும்.