அம்மிக்கல்லில் தட்டிப் புரிந்துகொண்ட செம்பு

முதுகலைத் தொல்லியல் முதலாண்டுத் தேர்வில், அமெரிக்கத் தொல்குடிகளின் தொடக்ககால உலோகத் தொழில் பற்றிய 15 மதிப்பெண் வினாவுக்கு, கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று மனப்பாடமாக இருந்த வரிசையை அப்படியே எழுதி வைத்து 4 மதிப்பெண் வாங்கினேன். திருத்தியவரைக் குறை சொல்ல வழியில்லை. அந்த வரிசை டென்மார்க்கில் அருங்காட்சியகப் பொருள்களை அடுக்குவதற்காக உருவானது; ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்கத் தொல்குடிகள் இரும்பை உருக்கியெடுத்ததே இல்லை.

மறுதேர்வுக்குப் படித்தபோது ஒவ்வொரு பொருளையும் எந்தக் காலத்தது என்று கேட்பதை விட்டு, எப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கினேன். வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியை ஒட்டிய கீவீனா தீபகற்பத்திலும் ஐல் ராயல் தீவிலும் செம்பு ஏறத்தாழத் தூய உலோகமாகவே பாறையில் கிடைப்பதால், அங்கிருந்தவர்கள் கனிமத்தை உருக்க வேண்டிய தேவையே இல்லாமல், அதைத் தட்டியே ஈட்டிமுனை, கத்தி, தூண்டில் முள், துளையூசி ஆகியவற்றைச் செய்தார்கள். ‘தட்டியே’ என்ற சொல்லில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது என்பது எனக்கு வீட்டில்தான் விளங்கியது. வயரிங் வேலையில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பி ஒன்றை அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முதலில் மெழுகுபோல் விரிந்தது. போகப்போக விறைத்து, கடைசியில் ஓரம் வெடித்தது. இன்னொரு துண்டை விறைத்ததும் கேஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். கறுத்த மேல்தோல் உதிர்ந்தது, கம்பி மறுபடியும் கையால் வளைந்தது. எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும், செம்பு அப்படி இறுகாது. அடித்தல், காய்ச்சுதல், மீண்டும் அடித்தல் என்ற இந்தச் சுழற்சியை விடைத்தாளில் படமாகவே வரைந்துவிடுங்கள்.

காலக்கணிப்பில் கவனம் தேவை. பழைய பாடக்குறிப்புகள் இந்தத் தொழிலுக்குச் சுமார் 6000 ஆண்டு என்கின்றன. 2021இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு மறுஆய்வு தொடக்கத்தைச் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோகிறது. இரண்டையும் எழுதி, எது பிந்தைய ஆய்வு என்று குறிப்பிடுவது நல்லது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். வடக்கோடு கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அங்கே தித்திகாக்கா ஏரிக்கு அருகில் ஜிஸ்கைருமோகோவில் கிடைத்த, சுமார் கி.மு. 2000ஐச் சேர்ந்த ஒன்பது பொன்மணிகள் ஆயுதமல்ல, கழுத்தணி. பிற்காலக் கைவினைஞர்கள் பொன்னும் செம்பும் கலந்த தகட்டைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி, மேலே படியும் செம்பின் துருவை மட்டும் அரித்து நீக்கியதால், தகட்டின் புறத்தில் பொன் மிகுந்தது. முலாம் பூசாமலேயே பொன்நிறம் வந்தது. என் அடுப்பில் உதிர்ந்த அந்தக் கறுத்த தோலும் செம்பின் துருதான் என்பதை நினைவில் வைத்திருந்ததால், மறுதேர்வில் இந்தப் பகுதியை யோசிக்காமல் எழுத முடிந்தது.