ஏபிள்டன் லைவில் ஒரு மிஸ்ர சாபுப் பாடல்

இசையைப் பதிவு செய்யவும் மேடையில் இயக்கவும் உதவும் ஏபிள்டன் லைவ் மென்பொருளைப் புதிதாகத் திறந்தவுடன் மேல் மூலையில் இரண்டு விவரங்கள் நமக்காக முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும்: வேகம் 120, தாளக் கணக்கு 4/4. அது பிறந்த இடத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பெர்லினில் மோனோலேக் என்ற பெயரில் டெக்னோ இசை வாசித்துவந்த கெர்ஹார்ட் பெலஸ், ராபர்ட் ஹெங்கே ஆகிய இருவரும் மேடைக்குத் தேவையான கருவிகளைத் தாங்களே நிரல் எழுதி உருவாக்கிக்கொண்டவர்கள். அவர்களும் பெர்ண்ட் ரோகென்புக்கும் சேர்ந்து 1999இல் நிறுவனத்தைத் தொடங்க, 2001இல் லைவின் முதல் பதிப்பு வந்தது. எந்த ஒலித்துண்டைக் கொடுத்தாலும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடலின் வேகத்துக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ இசைக்கும் 'வார்ப்' என்ற வசதிதான் அன்று பலரையும் அதன் பக்கம் இழுத்தது. எல்லா ஒலியும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அந்த மென்பொருளின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

எங்கள் குழுவோ அந்தக் குணத்துக்கு நேர் எதிரான பாடல்களைப் பாடுவது. ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், பின்னணிக்குக் கணினியிலிருந்து கொஞ்சம் தம்புராவும், நீண்டு ஒலிக்கும் 'பேட்' என்ற நாத விரிப்பும். கோயில் திருவிழாக்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பாடுகிறோம், கணினி என் பொறுப்பு. அண்மையில் நாங்களே எழுதி மெட்டமைத்த ஒரு சகானா ராகப் பாடலை லைவில் பதிவு செய்து, கலந்து, மேடைக்கும் கொண்டுபோனோம். தாளம் மிஸ்ர சாபு, 3+4 என ஏழு மாத்திரைகள் கொண்டது. இந்த வேலையில் நான் கடைப்பிடித்தது ஒன்றுதான்: எந்த இடத்தில் பாட்டு மென்பொருளின் கட்டத்துக்குள் நடக்க வேண்டும், எந்த இடத்தில் மென்பொருள் பாட்டின் பின்னால் நடக்க வேண்டும் என்பதை ஒலிவாங்கியை இயக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது.

தாளக் கணக்கை 7/8 என்று மாற்றினால் ஒரு 'பார்' ஓர் ஆவர்த்தனமாகிவிடும், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. அதன்பின் மென்பொருள் 'ஒரு பார்' என்று சொல்வதையெல்லாம் நாம் ஆவர்த்தனமாகவே எடுத்துக்கொள்ளலாம். வேக எண்ணில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. லைவ் எப்போதும் கால் சுரத்தைக் ('குவார்ட்டர் நோட்') கொண்டே வேகத்தை எண்ணுகிறது. 7/8இல் நம் மாத்திரை அதில் பாதி. எனவே 90 என்று வைத்தால் நிமிடத்துக்கு 180 மாத்திரைகள் ஓடும், ஓர் ஆவர்த்தனம் ஏறத்தாழ 2.3 விநாடியில் முடிந்துவிடும். அடுத்து மெட்ரோனோம். அது ஏழையும் தட்டி முதல் தட்டை மட்டும் அழுத்திச் சொல்லும். 'தகிட தக திமி' என்று நடக்கிற தாளத்துக்கு அது கால் இடறுகிற ஓட்டம். ஆகவே அதை அணைத்துவிட்டு, ஒரு மிடி துண்டில் (ஒலிப்பதிவாக இல்லாமல் சுரக் குறிப்புகளாக இருக்கும் துண்டு) 1, 4, 6 ஆகிய மாத்திரைகளில் மட்டும் கட்டை ஒலியை வைத்து, முதல் தட்டைச் சற்று உரக்க அமைத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

மிருதங்கக்காரர் அதை இரண்டு ஆவர்த்தனம் கேட்டார். "தம்பி, கணக்கெல்லாம் சரிதான். ஆனா இதை அணைச்சிடுங்க, நான் அக்கா பாடுறதைக் கேட்டே வாசிக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பல்லவியில் நிதானமாக அமரும் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், சரணத்துக்கு வரும்போது இம்மியளவு விறுவிறுப்பாவது பாட்டின் உயிர். எண்ணில் பார்த்தால் அது ஓரிரண்டு புள்ளிகள்தான் இருக்கும், ஆனால் அந்த ஏற்றத்தைத் தடுத்தால் சரணம் தூங்கி வழியும். இந்த நிலைமைக்காகவே லைவில் ஒரு வசதி இருக்கிறது. நம்மவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. கட்டை ஒலி இல்லாமல் குரலையும் மிருதங்கத்தையும் ஒன்றாகப் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு மிருதங்கத் தடத்தில் மட்டும் வார்ப்பை இயக்கி, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும், அதாவது முதல் தட்டிலும், ஒரு குறி வைக்க வேண்டும். சமத்தில் மட்டும் வைத்தால் போதும். இடையில் உள்ள சொற்களுக்கெல்லாம் குறி வைக்கத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும், வாசிப்பின் நடையும் கெட்டுவிடும். அதன்பின் அந்தத் துண்டுக்கு 'லீட்' என்ற தலைமைப் பொறுப்பைக் கொடுத்தால் உறவு தலைகீழாகிறது: மிருதங்கம் தான் வாசிக்கப்பட்ட வேகத்திலேயே ஒலிக்கும், மென்பொருளின் கடிகாரம் அதற்கேற்ப ஏறி இறங்கும். பின்னால் சேர்க்கிற கிலுகிலுப்பையோ எதிரொலியோ எதுவானாலும் மிருதங்கக்காரரின் கையைப் பின்தொடரும். குரல் தடத்தில் வார்ப்பை அணைத்தே வைத்திருந்தேன். நீட்டப்பட்ட மனிதக் குரலில் ஒரு தகரச் சாயல் வந்துவிடுகிறது, எவ்வளவு உயர்ந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் தலையணிக் கருவியில் அது தெரிகிறது.

பதிவைப் பொறுத்தவரை, தாமதம் என்ற பேயை விரட்டுவதுதான் முதல் வேலை. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில், ஒலியைச் சிறிது தேக்கி வைத்து அனுப்பும் இடைநினைவகம் ('பஃபர்') 128 மாதிரிகள் என்றால் 2.9 மில்லி விநாடி, 512 என்றால் 11.6 மில்லி விநாடி. உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று இது இரட்டிக்கும். பாடுபவர் தன் குரலை எலும்பு வழியாக உடனேயும், காதுக் கருவி வழியாகத் தாமதமாகவும் கேட்டால் சுருதி சேர்வதில்லை. ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்தி, லைவின் தடத்தில் 'மானிட்டர்' பொத்தானை 'ஆஃப்' நிலையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பதிவான ஒலியையும் மென்பொருள் தாமதத்தைக் கழித்து உரிய இடத்தில் வைத்துவிடும்.

மிருதங்கத்துக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று என இரண்டு ஒலிவாங்கிகள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், தொப்பியின் தோல் உள்ளே அமுங்கும் கணத்தில் ஒரு பக்கம் இழுப்பும் மறுபக்கம் தள்ளலுமாகப் பதிவாகி, கலக்கும்போது அடிநாதம் மெலிந்துபோகக்கூடும். 'யுட்டிலிட்டி' கருவியில் ஒரு தடத்தின் துருவத்தைத் திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் 'தொம்' கனமாக விழுகிறதோ அந்த நிலையை வைத்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட வேண்டாம், காதே சொல்லிவிடும்.

2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து, ஒரே பகுதியைப் பல முறை பாடி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும் வசதி லைவில் இருக்கிறது. திரையில் தடத்தின் கீழே பாடல் முறைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வேண்டிய இடத்தைத் தேய்த்தால் அது மேலே ஏறிவிடும். சொற்களை வெட்டி ஒட்டுவதற்கு இது மிகவும் எளிதாக இருப்பதாலேயே ஆபத்தானது. சங்கதி ஒன்று, அதாவது ஒரே வரியை மாற்றிப் பாடும் வகை, தொடங்கி முடியும்வரை ஒரே மூச்சில் பாடியதாக இருக்க வேண்டும். நடுவில் ஒட்டுப் போட்டால், சுருதியும் தாளமும் சரியாக இருந்தும், ஒரு சங்கதியை இரண்டு பேர் பங்கு போட்டுப் பாடியதுபோல் ஒலிக்கும். மூச்சு வாங்கும் இடத்திலும் அறுதியிலும் மட்டும் வெட்டுவது என் வழக்கம். அங்கே வெட்ட முடியாவிட்டால் மறுபடி பாடச் சொல்வதே நல்லது.

சுருதி திருத்தும் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் வளத்தைத் தேடுவதற்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்தார். இன்று லைவிலேயே 'ஆட்டோ ஷிஃப்ட்' என்ற கருவி கூடவே கிடைக்கிறது. இவை எல்லாவற்றின் எண்ணமும் ஒன்றுதான்: குரல் ஒரு சுரத்தில் நிற்க முயல்கிறது, கொஞ்சம் விலகியிருந்தால் அருகிலுள்ள சுரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். சகானாவின் காந்தாரமோ நிற்பதே இல்லை. அது மத்தியமத்தைத் தொட்டுக்கொண்டு அசைந்து இறங்குகிற ஓர் இயக்கம். அந்த அசைவை எடுத்துவிட்டால் ராகமே இல்லை. திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுப் பார்த்தால், வழுக்கி வர வேண்டிய கமகம் படிக்கட்டில் தடதடவென இறங்குவது நன்றாகவே கேட்கும். நீண்டு நிற்கிற சட்ஜமும் பஞ்சமமும் தளர்ந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொஞ்சம் சரிசெய்வதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற இடங்களில் கருவிக்கு வேலையில்லை.

காந்தாரத்தால் இன்னொரு வம்பும் வருகிறது.  தம்புராவின் சட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் தானாக எழும். அது சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி 100 சென்ட்). கீபோர்டின் சம இடைவெளிச் சுர வரிசையில் அதே காந்தாரம் 400 சென்டில் இருக்கிறது. பதினான்கு சென்ட் என்பது விரைந்து ஓடும் பாட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் நாத விரிப்பில் அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால், தம்புராவோடு உரசி ஒரு புளிப்பு வருகிறது. 2024இல் வந்த 12ஆம் பதிப்பில் சுர அமைப்புக் கோப்புகளை ஏற்றி, மென்பொருள் வாத்தியங்களின் சுரங்களை வேண்டிய சென்ட் அளவுக்கு நகர்த்த முடிகிறது. நல்ல ஏற்பாடு. இருந்தாலும் நான் சுருக்கு வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன்: விரிப்பில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரத்தைத் தொடும் உரிமை குரலுக்கும் வயலினுக்குமே.

கலவையில் சொல்வதற்கு அதிகமில்லை. வலந்தலையின் 'நம்' கூர்மையாக வர வேண்டுமென்றால், உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரஸரின் தொடக்க நேரத்தை 20, 30 மில்லி விநாடி என்று தாராளமாக விட வேண்டும். இல்லையென்றால் விரல் படும் முதல் ஓசையையே அது விழுங்கிவிடும். தொப்பிதான் உண்மையான தலைவலி. திருவிழாவில் மரத்திலும் கம்பத்திலும் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கிகள் அடிநாதத்தை வெளியே விடுவதே இல்லை, கைப்பேசியின் கதையும் அதுதான். அங்கே அடிநாதத்தைக் கூட்டிப் பயனில்லை. 'சேச்சுரேட்டர்' கருவியால் தொப்பியைச் சிறிது கரகரக்க வைத்தால் மேல்நாதங்கள் பிறக்கும். அவற்றைக் கேட்கும் காது, வராத அடிநாதத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஊர்ப்புறத்தில் இரண்டு பக்க ஒலிபெருக்கிகளுக்கும் ஒரே ஒலிதான் போகும் என்பதால், இடது வலது பிரிப்பில் அழகு காட்டாமல், ஒற்றைத் தடமாக மாற்றிக் கேட்டு உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

மேடையில்தான் லைவ் தன் பெயருக்கு நியாயம் செய்கிறது. 'செஷன்' பார்வையில் ஒவ்வொரு கிடை வரிசையும் ஒரு 'சீன்'. அவற்றுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய வேகத்தையும் கூடவே எழுதி வைக்கலாம். பாடகி பல்லவியை எத்தனை முறை எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. கூட்டம் ரசித்தால் இன்னொரு சங்கதி போடுவார். எனவே பின்னணி ஒவ்வொரு வரிசையிலும் சுழன்றுகொண்டே இருக்கும். அவர் என்னைப் பார்த்தவுடன் நான் கால் மிதியை அழுத்துவேன், அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் அனுபல்லவி தொடங்கும். எங்கள் பாட்டின் எடுப்பு, அதாவது பாடத் தொடங்கும் இடம், சமத்திலிருந்து ஒரு மாத்திரை தள்ளி வருகிறது. பின்னணி சமத்தில் மாறும், அந்த ஒரு மாத்திரை இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். இது கணினிக்கும் பாட்டுக்கும் தற்செயலாக அமைந்த நல்ல பொருத்தம்.

மேடையில் தாளக் கருவித் துண்டுகள் ஓடுவதால், மிருதங்கக்காரர் அங்கே மட்டும் கடிகாரத்தோடு சேர்ந்து வாசிக்க ஒப்புக்கொண்டார். ஆடியோ இன்டர்ஃபேஸின் மூன்றாவது வழியிலிருந்து அவருடைய ஒரு காதுக்குப் போவது கட்டை ஒலி அன்று. பதிவின்போது அவரே வாசித்த ஓர் ஆவர்த்தனத்தின் சுழற்சி. தன் கையைத் தானே கேட்டு வாசிப்பதில் அவருக்குத் தகராறில்லை. நேரடியாக வரும் ஒலியைக் கேட்டு வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் 'டெம்போ ஃபாலோயர்' வசதியும் லைவில் உண்டு. கோர்வையும் நடை மாற்றமும் வருகிற வாசிப்பை அதை நம்பி விடும் துணிச்சல் எனக்கு இல்லை.

மீதியெல்லாம் மேடை ஒழுக்கம். 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' கொடுத்து எல்லா ஒலிக் கோப்புகளையும் ஒரே அடைவில் சேர்க்க வேண்டும், வைஃபையை அணைக்க வேண்டும், இடைநினைவகத்தை 256க்கு ஏற்ற வேண்டும். ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஒலிபெருக்கி உறுமினால், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உறுமல் அங்கேயே நின்றுவிடும். கணினியே படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகப் பின்னணி முழுவதையும் ஒரே வேவ் கோப்பாக்கி என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அதைப் போட நேர்ந்தால் பல்லவி இரண்டு முறைதான், கூட்டம் எவ்வளவு கை தட்டினாலும் மூன்றாவது கிடையாது என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.