மாட்டு ரத்தத்தில் ஒரு புரதப் பேண்ட் பார்க்க நான்கு மாதம்

பசுவின் மோனோசைட்டில் (ஒரு வகை வெள்ளணு) என்எஃப்-கப்பா-பி சிக்னலிங் (கிருமி வந்ததும் செல்லுக்குள் ஓடும் எச்சரிக்கைத் தொடர்) பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள், நான் பட்டது போதும்.

எதிக்ஸ் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது. ஆனால் காலை நாலரை பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போனால், "ஒரிஜினல் லெட்டர் எங்கம்மா? ஜெராக்ஸ் செல்லாது" என்று மாட்டுப் பக்கமே விடவில்லை. ஒரிஜினல் துறை பீரோவில், சாவி வைத்திருப்பவர் லீவில். ஒரு வாரம் போச்சு.

அடுத்த முறை ரத்தம் கிடைத்தது, நான்தான் பதறிப்போய் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஃபைக்கால் (அடர்த்தியை வைத்துச் செல்களைப் பிரிக்கும் திரவம்) மேல் விட்டுச் சுற்றினால் படலமே பிரியவில்லை. ரத்தமும் ஃபைக்காலும் 20 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், சென்ட்ரிஃபியூஜில் பிரேக்கை அணைத்துவிட வேண்டும். அப்புறம், மனித ரத்தத்துக்கான முறையை அப்படியே நம்பாதீர்கள். மாட்டின் சிவப்பணு சிறியது, காசு அடுக்கியதுபோல எளிதில் ஒட்டிக்கொள்ளாது, சட்டென்று இறங்கவும் இறங்காது, அதனால் வெள்ளைப் படலம் எனக்கு ரோஸ் நிறத்தில்தான் வந்தது. முதலில் பஃபி கோட்டை (ரத்தத்தைச் சுற்றினால் நடுவே நிற்கும் வெள்ளணு அடுக்கு) மட்டும் எடுத்து, பிறகு ஃபைக்கால், மிச்ச சிவப்பணுவை உடைக்க லைசிஸ் பஃபர் என்று மாற்றியதும் சரியானது. வளர்ப்புச் சீரம் வாங்கும்போது பிவிடி வைரஸ் (மாட்டுக்கு வயிற்றுப்போக்கு தருவது) இல்லை என்ற சான்றையும் கேளுங்கள், அந்த வைரஸுக்கு மாட்டுச் செல்தான் வீடு.

அதன் பிறகுதான் பெரிய அடி. செல்லைத் தூண்ட ஈ.கோலை எல்பிஎஸ் (பாக்டீரியாவின் உறைப் பொருள்) கொடுத்து, ஃபாஸ்ஃபோ-பி65க்கு (என்எஃப்-கப்பா-பியில் ஃபாஸ்ஃபேட் ஏறிய புரதம்) வெஸ்டர்ன் பிளாட் போட்டால் மெம்பிரேன் முழுக்கக் கருப்பு. அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக ஆர்டர் போட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தேன், அதுவும் அதே கருப்பு. படத்தைப் பார்த்த சீனியர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "பிளாக்கிங் எதுல பண்ணின?" ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பிரேனை மூடிவைப்பதுதான் பிளாக்கிங், நான் செய்தது பால் பவுடரில். பாலில் இருக்கும் கேசீனே ஃபாஸ்ஃபேட் ஏறிய புரதம்! 5% பிஎஸ்ஏவுக்கு (மாட்டுச் சீரம் ஆல்புமின்) மாறினேன், செல்லை உடைக்கும் பஃபரில், ஃபாஸ்ஃபேட் கழன்றுவிடாமல் காக்கும் ஃபாஸ்ஃபடேஸ் தடுப்பானையும் அன்றன்றைக்குப் புதிதாகச் சேர்த்தேன்.

வந்துவிட்டது. ஐ-கப்பா-பி (என்எஃப்-கப்பா-பியைக் கட்டிவைக்கும் புரதம்) பேண்ட் தொடக்கத்தில் தடிமனாக, 30 நிமிடத்தில் நிழல் மாதிரி, 2 மணி நேரத்தில் மறுபடி முழுசாக. அது கரைந்த இடத்தில் ஃபாஸ்ஃபோ-பி65 பளிச்சென்று. இருட்டறையில் நின்று கத்திவிட்டேன்.

இதுவரை மூன்று மாட்டில் இதே மாதிரி. நான்காவதுக்கு வெள்ளிக்கிழமை போகிறேன், ஒரிஜினல் லெட்டர் இப்போதே பையில் இருக்கிறது.