கேமராவுக்கு மேடு தெரியாது

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு மோட்டாரில் ஏறியவர்களுக்கு அந்த ஏற்றம் உடம்பிலேயே தெரியும். கியரைக் குறைக்க வேண்டிய இடம், இஞ்சின் திணறும் இடம், ஒரு வளைவைத் தாண்டியதும் சட்டைக்குள் சட்டென்று குளிர் நுழையும் இடம். அதே சாலையை ஹெல்மெட் கேமராவில் எடுத்துவந்து என் திரையில் ஓட்டினால், ஒரு தார் ரோடு, இரண்டு பக்கமும் பச்சை, மேலே வானம். ஏறுகிற மாதிரியும் இல்லை, வேகமாகப் போகிற மாதிரியும் இல்லை. எடுத்த பையனுக்கே முகம் விழுந்துவிடும். "அண்ணே, மேல ஏறும்போது சிலிர்த்துப் போச்சு. இதுல ஒண்ணுமே தெரியலையே. எடிட்டிங்ல ஏதாச்சும் பண்ணுங்க லா."

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் என் எடிட்டிங் அறை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, இவைதான் சோறு போடும் வேலைகள். மோட்டார் பயண வீடியோக்கள் அப்புறம் வந்து சேர்ந்தவை. சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பையன்கள், இப்போது ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள், லீவு கிடைத்தால் குழுவாகக் கிளம்பிவிடுகிறார்கள். கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் போகிறவனும் உண்டு, பெரிய மோட்டாரில் போகிறவனும் உண்டு. திரும்பி வந்ததும் மெமரி கார்டுகளை என் மேசையில் கொட்டுகிறார்கள்.

கல்யாண வீடியோவில் எனக்கு ஒரு வசதி இருந்தது. கதையை ஐயர் எழுதி வைத்திருப்பார். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது, தாலி, அட்சதை என்று வரிசை எல்லோருக்கும் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் கேமரா கொஞ்சம் ஆடினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெற்றோரின் கண்ணீர் அந்த ஆட்டத்தை மூடிவிடும். சாலைக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. மணிக்கணக்காக ஒரே முன்பக்கக் காட்சி. அங்கே போனவனுக்கு அதைப் பார்க்கும்போது காற்றும் குளிரும் பயமும் ஞாபகத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும். போகாதவனுக்கு எங்கிருந்து வரும்? இந்த வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். உடம்பு தெரிந்துகொண்டதைக் கண்ணுக்கும் காதுக்கும் மாற்றித் தர வேண்டும். அதைப் படம் எடுக்கும் இடத்திலேயே செய்தாக வேண்டும். எடிட்டிங் மேசையில் பாதிதான் முடியும்.

மேடு ஏன் படத்தில் தெரிவதில்லை? காரணம் எளிது. மோட்டார் மேல்நோக்கிச் சாயும்போது கேமராவும் அதோடு சாய்கிறது. அதனால் படச்சட்டத்துக்குள் சாலை எப்போதும் அதே இடத்தில் கிடக்கும். அகன்ற லென்ஸ் வேறு, தூரத்தில் இருப்பதையெல்லாம் சின்னதாக்கித் தள்ளிவிடும். எதிரே நிற்கும் மலை கூட மண்மேடு மாதிரி ஆகிவிடும். ஏற்றத்தைக் காட்ட வேண்டுமென்றால் மோட்டாரை விட்டு இறங்க வேண்டும். வளைவுக்கு வெளியே, பாதுகாப்பாக ஒதுங்க இடம் இருக்கும் பக்கம், முக்காலியை மட்டமாக நிறுத்தி, விளக்குக் கம்பமோ மரமோ நேராக நிற்கும்படி சட்டம் வைத்து, நண்பன் குறுக்கே ஏறிப் போவதை எடுத்தால் போதும். செங்குத்தாக நிற்கும் ஒரு பொருள் பக்கத்தில் இருந்தால்தான் சரிவு சரிவாகத் தெரியும். போனில் 3 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும்.

இதைச் சொன்னால் பையன்கள் முனகுவார்கள். நிறுத்தி, இறங்கி, ஒருவன் கீழே போய்த் திரும்பி ஏறி வர வேண்டும். ஓட்டும் சுகம் கெடுகிறது என்பார்கள். கெடத்தான் செய்யும். அதனால் எல்லா இடத்திலும் நிறுத்தச் சொல்வதில்லை. ஒரு நாள் பயணத்தில் மூன்று நான்கு இடம் சரியாக எடுத்தால் மீதியை அது தாங்கிக்கொள்ளும்.

வேகத்துக்கும் இதே கதைதான். ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டிய கேமராவுக்குத் தெரிவது தூரத்துச் சாலையும் வானமும். தூரத்தில் இருப்பது மெதுவாகத்தான் நகரும். 90 கிலோமீட்டர் வேகம் 40 மாதிரி தெரிவது அதனால்தான். கேமராவைத் தாடைப் பக்கம் இறக்கினால் கைப்பிடி, கை, மீட்டர் எல்லாம் சட்டத்துக்குள் வரும். வளைவில் சாய்வதும் அப்போதுதான் புரியும், ஏனென்றால் தலையை நாம் எப்போதும் மட்டமாகவே வைத்துக்கொள்கிறோம், சாய்வது கைப்பிடிதான். இன்னொரு கேமராவை மோட்டாரின் பக்கவாட்டில் தாழ்வாக மாட்டினால் தார் ரோட்டின் சொரசொரப்பு ஓடும். வேகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி சில நொடிக்கு மேல் தாங்காது.

மோட்டாரில் மாட்டும் கேமராவில் அடிவானத்தை மட்டமாக்கும் வசதியைப் போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை உண்டு. போடாவிட்டால் மோட்டார் நேராக நிற்கும், உலகம் சாயும். போட்டால் உலகம் நேராக நிற்கும், மோட்டார் சாயும். பையன்களுக்கு முதலாவது பிடிக்கும், விமானம் ஓட்டுவது போல இருக்கிறதாம். எனக்கு இரண்டாவதுதான். பார்ப்பவருக்கு எது தரை என்று தெரிந்தால்தான் சாய்வின் ஆழம் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். நம்ம பக்கத்தில் செம்பனைத் தோட்ட ரோட்டில் ஓட்டினால் வெயில், நிழல், வெயில், நிழல் என்று மாறிக்கொண்டே இருக்கும். கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் படம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே வரும். உச்சி வெயிலில் அது ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 2000-இல், 3000-இல் ஒரு பங்கு நொடிக்குக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு பிரேமும் கத்தியால் வெட்டியது போல நிற்கும். வரிசையாக நட்ட செம்பனை மரங்கள் ஓடுவதற்குப் பதிலாகத் துடிக்கும். நொடிக்கு 30 பிரேம் என்றால் 60-இல் ஒரு பங்கு நொடி ஷட்டர் வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. அதற்குப் பட்டப்பகலில் என்.டி. 32 பில்டர், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, போட வேண்டிவரும். எண் ஏற ஏற இருட்டும் கூடும். இணையத்தில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நிழலுக்குள் நுழைந்ததும் அதே பில்டர் வில்லனாகிவிடும். வெளிச்சம் போதாமல் கேமரா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது ஒளியுணரும் அளவை, ஏற்றிப் புள்ளி புள்ளியாக்கும். ஆட்டத்தைச் சரிசெய்யும் மின்னணு வசதி ஏற்கெனவே மங்கிப்போன பிரேமை நகர்த்தி வைக்கும். படம் அசையாது, உள்ளே இருப்பது மட்டும் நடுங்கும். அதைச் சரிசெய்ய எந்த சாப்ட்வேரும் கிடையாது. ஆகவே நான் நடுவழிக்காரன். என்.டி. 8 அல்லது 16, ஷட்டர் 120-லிருந்து 240-இல் ஒரு பங்குக்குள், ஐ.எஸ்.ஓ.வுக்கு ஒரு மேல்வரம்பு, நிறம் மாறிக்கொண்டே இராமல் வெள்ளைச் சமநிலையைப் பூட்டி வைப்பது. மாலை மழை இருட்டு கட்டினால் பில்டரைக் கழற்றிவிட வேண்டும்.

போனைக் கைப்பிடியில் மாட்டி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மோட்டார்களின் அதிர்வு போன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. வழி பார்க்கப் போன் வேண்டுமானால் அதிர்வு தாங்கும் பிடியில் பழைய போனை மாட்டுங்கள். நல்ல போன் சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

இனி சத்தம். என்னைக் கேட்டால் பாதிப் படம் சத்தம்தான். வரும் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் வெறும் காற்று, சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி. அது மைக்கின் அளவை மீறி வெட்டுப்பட்டுவிட்டால், கீழ் அதிர்வெண்களை வடிகட்டினாலும் உறுமல்தான் குறையும், உள்ளே இருந்த குரல் திரும்பி வராது. சின்ன கிளிப் மைக்கை ஹெல்மெட்டுக்குள் கன்னத்துப் பஞ்சுக்குப் பின்னால், வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, நுரை உறையோடு வைத்தால் குரல் தெளிவாக வரும். இஞ்சின் சத்தத்தைத் தனியாக எடுக்க வேண்டும்: ஒரு சின்ன ரெக்கார்டரைப் பின்சீட்டுப் பைக்குள், காற்றுப் படாத இடத்தில் வைத்து, தானாக அளவை ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிட்டு. இந்த இரண்டும் கையில் இருந்தால் மேடு கூடத் தெரிய ஆரம்பிக்கும். கியர் இறங்கி இஞ்சின் குரல் ஏறும்போது, படத்தில் ரோடு மட்டமாகவே இருந்தாலும் பார்ப்பவர் ஏறுகிறார்.

பல கேமராவையும் ரெக்கார்டரையும் பொருத்துவதற்கு சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். நாங்கள் ஹாரன் அடிக்கிறோம். கிளம்பும் முன் எல்லாக் கேமராவும் ஓடும்போது ஒருவன் ஒரு முறை அழுத்தினால் போதும். இது தெரியாமல் வந்த பயணங்களில் ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு நேரம் காட்டும், ஒன்று இன்னும் தொழிற்சாலையில் வைத்த தேதியிலேயே இருக்கும்.

எடிட்டிங்கில் நான் முதலில் பார்ப்பது மோட்டார் ஓடாத காட்சிகளை. கையுறையைக் கழற்றி தே தாரிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது, மூடுபனியில் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைப்பது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது, வழி தவறியவனைக் கிண்டல் செய்வது. குளிரைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கைகள்தான். அப்புறம் திசை. போகும்போது மோட்டார்கள் இடமிருந்து வலமாகப் போனால், ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே போகட்டும், திரும்பும்போது மாற்றிக்கொள்ளலாம். நடுவில் ஒரு காட்சி எதிர்த்திசையில் வந்தால் ஏதோ மறந்துவிட்டுத் திரும்புகிறார்கள் போலத் தோன்றும். டிரோன் காட்சி எங்கேயாவது ஒன்று இரண்டு போதும். 400 அடிக்கு மேல் பறக்கவிடக் கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்கட்டும், 60 அடியிலேயே மோட்டார் எறும்பாகிவிடுகிறது.

பாட்டு விஷயத்தில்தான் நான் கெட்ட பெயர் வாங்குகிறேன். சினிமாப் பாட்டை முழுசாக ஓடவிட்டு அதற்கேற்பக் காட்சியை வெட்டித் தரச் சொல்வார்கள். யூடியூப் அதைக் கண்டுபிடித்து உரிமைக்காரருக்கு வருமானத்தைத் திருப்பிவிடும் என்பது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு: பாட்டு வந்ததும் இஞ்சின் போய்விடுகிறது, காற்று போய்விடுகிறது, எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடுகிறது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. ஒவ்வொரு வீடியோவும் ஊரைத் தாண்டிய பிறகே ஆரம்பிக்கிறது. கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் 1982-இல் திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வேண்டும், யானை எச்சரிக்கைப் பலகை வேண்டும், பண்டிங் பாலத்தில் நின்று எடுக்கும் செல்பி வேண்டும். வழியில் இருக்கும் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, அங்கே பெட்ரோல் போடக்கூட நிறுத்துவதில்லை. அதை விடுங்கள், நம்ம ஊர்? 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. பேராக் ஆற்றின் குறுக்கே காராயில் 1900-இல் திறந்த விக்டோரியா ரயில் பாலம், செங்கல் தூண்களோடு, காலை வெளிச்சத்துக்காகவே கட்டியது போல நிற்கிறது. இந்தப் பையன்களின் தாத்தாமார் ரப்பர் பால் வெட்டிய தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. அந்த ரோட்டில்தான் எல்லோரும் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் கார்டிலும் அது இல்லை.

"அதையெல்லாம் யாருண்ணே பாப்பாங்க?" என்றான் குழுவில் இளையவன். உன் பாட்டி பார்ப்பார் என்றேன். சிரித்தான். ஆனால் அடுத்த தடவை கிளம்பியபோது லயத்து வாசலில் பாட்டி வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பதை எடுத்து வந்தான். ஆடியது, வெளிச்சமும் தப்பு. அதை முதல் காட்சியாக வைத்துத் தந்தேன். குழுவில் இரண்டு பேர் அதை நீக்கச் சொன்னார்கள், நான் நீக்கவில்லை.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கார்டைக் கொண்டுவருவதற்கு முன்னால் ஆளைக் கொண்டுவர வேண்டும். கிளம்பும் முன் ஒரு மாலை மாடிக்கு வந்து, வரைபடத்தைப் பார்த்து, எங்கே நிறுத்துவது, யார் முன்னால் போவது, யாருடைய மோட்டாரில் ரெக்கார்டர் என்று பேசிக்கொள்கிறோம். ஓடும்போது யாரும் கேமராவைத் தொடக் கூடாது. இந்த நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகள், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகிறது. எனவே முழு ரோட்டையும் எடுக்காமல், இடம் பார்த்து நிறுத்தி, ஆன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தப் பேச்சுக்கு நான் தனியாக வெள்ளி வாங்குவதில்லை. கார்டுகள் பாதியாகக் குறைந்ததிலேயே என் கூலி வந்துவிடுகிறது. மாட்டும் இடம், ஷட்டர், மைக் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பாட்டு மட்டும் இன்னும் தீரவில்லை. கடைசிப் பெயர்ப் பட்டியல் காட்சிக்கு மட்டும் ஒரு பாட்டு என்று நான் இறங்கி வந்திருக்கிறேன், அவர்கள் தொடக்கத்துக்கும் ஒன்று கேட்கிறார்கள்.