ஐயாவின் கொப்பியில் கப்பல்கள்

03.05.2025, பருத்தித்துறை
தகரப்பெட்டி தட்டினபோது ஐயாவின் சீ.ஆர். கொப்பி. மூடைக் கணக்கென்று எறியப் போனேன். வத்தையில் சாமான் இறக்கிப் பிழைத்த மனுசன், கணக்கு விடமாட்டார். பின்பக்கத்தைத் திருப்பினால் கப்பல் பெயர்கள்.

04.05.2025
முதல் வரி: "11.05.2006 பேர்ள் குரூஸ். தப்பீட்டுது." அவ்வளவுதான். படையினர் 710 பேரோடு திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்த கப்பல். வெற்றிலைக்கேணிக் கடலில் கடற்புலிகள் மறித்தார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்பாளர் ஒருவரும் அதில் இருந்தார், கண்காணிப்புக் குழுவின் கொடியும் பறந்தது. காவலுக்கு வந்த டோராப் படகொன்று தாண்டது. அன்று எங்கள் வீட்டுக் கதவு அதிர்ந்ததோ என்று அம்மாவைக் கேட்டேன். "எந்த நாள் அதிரேல்லை?" என்றா.

07.05.2025
2006 ஓகஸ்ட் 11 ஏ9 பாதையின் முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டியபிறகு பக்கங்கள் நெருக்கமாகின்றன. பிறகு "ஜெ." என்ற எழுத்து அடிக்கடி. ஜெற்லைனர்! ஒரே தடவையில் 3000 பேர்வரை ஏற்றும் கடற்படைக் கப்பல், திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடியது. பக்கத்தில் மணி: "ஜெ. 7.10 – 9.35". ஒரு நாள் "– 11.20", கீழே கோடு.

கரையிலிருந்து பார்த்துக் குறித்தாராக்கும் என்றிருந்தேன். காங்கேசன்துறைப் பக்கம் ஆமிக்காரன் யாரை விட்டான்! அம்மாதான் அவிழ்த்தா: "லீவு முடிஞ்சு வந்த ஆமிக்காரரைக் கொன்வோயிலை கொண்டுபோகேக்கை றோட்டைப் பூட்டுவாங்கள். கொப்பர் பாண் வாங்கப் போய் நெல்லியடியிலை சைக்கிளோடை நிண்டவர். பாண் கல்லாப்போச்சு."

கப்பல் வந்த நேரமில்லை அது. ஐயா நின்ற நேரம்.

10.05.2025
2008இல் இதே நாள், திருகோணமலைத் துறைமுகத்தில் 'இன்வின்சிபிள்' என்ற கடற்படைச் சரக்குக் கப்பல் தாண்டது. கொப்பியில் இல்லை. இங்கே றோட்டுப் பூட்டவில்லைப்போல.

12.05.2025
கடைசித் தாளுக்குள் மடித்து, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற ஆமி தந்த என் கிளியரன்ஸ் துண்டு. கிறீன் ஓசியன் கப்பலில் நானும் போனவன். பள்ளிக்கூட வளவில் விடியமுன் பைகளைக் கொட்டிக் காட்டி, பின்னேரம்தான் கப்பல். தளத்தில் சத்தி மணம், தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஆச்சி பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தா. 2009 பெப்ரவரியிலிருந்து அதே கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரை ஏற்றியது. நாங்கள் படுத்த அந்தத் தளத்தில்தான் அவர்களையும் கிடத்தியிருப்பார்கள்.

13.05.2025
மிச்ச வெறும் தாள்களைப் பால் கணக்குக்கு அம்மா கேட்டா. கடையில் புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன்.